கிளேர் மாவட்டத்தில் ஆறு நாட்கள்

முதல் நாள்: எனிஸ்

ஷானன் விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு எனிஸ் நகருக்குள் நுழைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரு பக்கம் அட்லாண்டிக் கடலும் இன்னொரு பக்கம் ஷானன் ஆறும் சூழ்ந்திருக்கும் கிளேர் மாவட்டத்தின் தலைநகர் இது. அக்டோபர் மாதத்துத் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மோஹர் கடலோரச் செங்குத்துப் பாறைகளைப் பார்க்க வருகிறார்கள். நான் வந்தது, விவசாயிகளாகவும் தச்சர்களாகவும் கல்வேலைக்காரர்களாகவும் வாழ்ந்து, அந்தி சாய்ந்த பிறகு அயர்லாந்து நாட்டார் இசையை வாசித்த சில மனிதர்களின் ஊர்களைப் பார்ப்பதற்காக. பதினைந்து ஆண்டுகளாக அவர்களுடைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுவருகிறேன். அவர்கள் நடந்த தெருக்களில் ஒருமுறையாவது நடந்துவிட வேண்டும் என்ற ஆசை இந்த ஆண்டுதான் நிறைவேறியது.

இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு பப்பின் மூலையில் ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஃபிடில் மூன்று, புல்லாங்குழல், கான்செர்டினா, பட்டன் அக்கார்டியன், கிட்டார். மேடையும் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. இதைத்தான் இவர்கள் 'செஷன்' என்கிறார்கள். இந்த இசையின் கட்டுமானம் மிகவும் எளியது. ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதிகள், பகுதிக்கு எட்டுத் தாள வட்டங்கள், ஒவ்வொன்றும் இருமுறை. மெட்டு முழுவதையும் இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குள் தாவிவிடுகிறார்கள். ரீல் என்றால் நான்கு எண்ணிக்கை. ஜிக் என்றால் மும்மூன்றாக ஆறு. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கமகத்தை மாற்றுவதிலும், ஒரு சுரத்தை விழுங்கிவிட்டுப் போவதிலும், வில்லை எந்த இடத்தில் திருப்புவது என்பதிலும்தான் கலைஞரின் ஆளுமை முழுவதும் இருக்கிறது.

மெட்டு முடிந்ததும் அதன் பெயரென்ன என்று பக்கத்தில் இருந்த ஃபிடில்காரப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் பெயரைச் சொல்வதற்கு முன்பு, அது யாரிடமிருந்து தனக்கு வந்தது, அந்த மனிதருக்கு யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொன்னார். மெட்டின் பெயர் கடைசியாகத்தான் வந்தது, அதுவும் சற்றுத் தயக்கத்துடன். இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அயர்லாந்து மெட்டுகள் நமக்கு அந்நியமானவை என்று நினைத்துவிட வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதரின் 'வந்தே மீனாக்ஷி' நோட்டு சுரத்தின் மெட்டு, இங்கிருந்து தெற்கே கார்க் மாவட்டத்தில் உள்ள மாலோ என்ற ஊரின் பெயரைத் தாங்கிய பழைய நடன மெட்டுதான். கம்பெனி காலத்துச் சென்னையில் ஒலித்த வாத்தியக் குழுக்களின் வழியே அது தீட்சிதரின் காதை எட்டியிருக்கிறது.

இரண்டாம் நாள்: கில்ரஷ்

காலையில் தென்மேற்காகக் கிளம்பி, ஷானன் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள கில்ரஷ் வந்தேன். ஒரு காலத்தில் எனிஸிலிருந்து இங்கே குறுகிய அகல ரயில் பாதை ஒன்று இருந்தது. 1961இல் அதை மூடிவிட்டார்கள். சந்தைச் சதுக்கத்தில் குரோட்டி என்ற பெயர்ப் பலகையோடு ஒரு பப் இன்னும் நிற்கிறது. திருமதி குரோட்டியின் வீடும் கடையும் அதுதான்.

எலிசபெத் குரோட்டி 1885இல் கூரக்கிளேர் அருகிலுள்ள கவர் என்ற இடத்தில் பிறந்தவர். அக்காவைப் பார்த்துக் கான்செர்டினா கற்றுக்கொண்டவர். 1914இல் திருமணமாகி, கணவரோடு இந்தக் கடையை நடத்தினார். அவருடைய இசை பரவலாகத் தெரியவந்தபோது வயது எழுபதை நெருங்கிவிட்டது. 1950களில் அயர்லாந்து வானொலியான ரேடியோ ஏரனின் கீரான் மக் மஹூனா, நடமாடும் ஒலிப்பதிவு வண்டியுடன் கிளேர் மாவட்டத்துச் சமையலறைகளையும் பப்புகளையும் தேடி வந்தார். அவர் பதிவு செய்து ஒலிபரப்பிய கான்செர்டினா நாடு முழுவதும் கேட்டது. 1960 டிசம்பரில் திருமதி குரோட்டி இறந்தபோது, அயர்லாந்தில் 'மிசஸ் குரோட்டி' என்று சொன்னாலே போதும், யாரென்று புரிந்துவிடும். இன்றும் யாரும் அவரை எலிசபெத் என்று குறிப்பிட்டு நான் கேட்கவில்லை.

கான்செர்டினா, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அடங்கும் ஆறுமுகத் துருத்தி. இங்கே புழங்கும் ஆங்கிலோ வகையில் ஒரே பொத்தான், அழுத்தும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் தரும். அதனால் வாசிப்பவர் துருத்தியை ஓயாமல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடனக்காரர்களின் காலைத் தூக்கிவிடும் துள்ளல் அந்த அசைவிலிருந்தே பிறக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான ஜெர்மானியக் கான்செர்டினாக்கள் நாட்டுப்புறக் கடைகளுக்கு வரத் தொடங்கியதும், கிளேர் மாவட்டத்துப் பெண்கள் அதைத் தங்கள் வாத்தியமாக ஆக்கிக்கொண்டார்கள். ஈரம் பட்டால் அது கெட்டுவிடும் என்பதால், அடுப்பங்கரைச் சுவரில் இருந்த மாடத்தில் வைத்திருப்பார்கள். அம்மா வேலைக்கு நடுவே அதை எடுத்து இரண்டு மெட்டு வாசிப்பாள்; குழந்தைகள் கேட்டு வளர்வார்கள். இந்த மாவட்டத்துப் புகழ்பெற்ற ஆண்களின் வரலாற்றைப் புரட்டினால், முதல் மெட்டைக் கற்றுத்தந்தவர் தாய் என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. அந்தத் தாய்மார்களில் எத்தனை பேரின் வாசிப்பு பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

குரோட்டி பப்பில் பகல் வேளையில் கூட்டமில்லை. முதியவர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என் வருகையின் காரணத்தைச் சொன்னதும் அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, சிறுவனாக இருந்தபோது தெருவில் நின்று சன்னல் வழியே அந்த வாசிப்பைக் கேட்டதாகச் சொன்னார். எந்த மெட்டு என்று கேட்டேன். அவர் வாயாலேயே அதை முணுமுணுத்துக் காட்டினார். கட்டைவிரல் மேசையில் தாளம் போட்டது.

மூன்றாம் நாள்: மில்டவுன் மல்பே

ஒரே ஒரு நீண்ட தெரு. கடற்காற்று அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீசுகிறது. ஜூலை முதல் வாரத்தில் இந்தச் சிற்றூருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வாத்தியப் பெட்டிகளோடு வந்து இறங்குவார்கள் என்பதை, இந்த அக்டோபர் அமைதியில் நின்று நம்புவது கடினம். வில்லி கிளான்சி கோடைப் பள்ளி 1973ஆம் ஆண்டு முதல் இங்கே நடந்துவருகிறது. அதே ஆண்டு ஜனவரியில்தான் வில்லி கிளான்சி, தமது 54ஆம் வயதில் இறந்தார். நண்பர்கள் சில மாதங்களுக்குள் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். தெருவில் அவருடைய சிலை இருக்கிறது.

நான் மிகவும் நேசிக்கும் கலைஞர் இவர். 1918 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஊருக்கு வெளியே ஐலண்ட்பான் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை கில்பர்ட் புல்லாங்குழல் வாசிப்பார், பாடவும் செய்வார். அந்தக் கில்பர்ட்டின் மனம் முழுக்க நிறைந்திருந்தவர் காரெட் பாரி. 1847இல், பெரும் பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டில், ஐனா என்ற ஊரில் பிறந்து, பார்வையற்றவராக வீடு வீடாகச் சென்று துருத்திக் குழல் வாசித்து 1899இல் மறைந்தவர். வில்லி பிறப்பதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார். ஆனாலும் அவருடைய மெட்டுகளும், அவற்றை வாசித்த பாங்கும் கில்பர்ட்டின் வழியாக மகனுக்கு வந்துசேர்ந்தன. இன்று உலகெங்கும் செஷன்களில் வாசிக்கப்படும் ஜிக் ஒன்றுக்குக் காரெட் பாரியின் பெயரே வழங்குகிறது. எழுதப்பட்ட சுரத்தாளோ ஒலிப்பதிவோ இல்லாத ஒரு மனிதரின் கலை, ஒரு நண்பரின் நினைவாற்றலில் தொற்றிக்கொண்டு தலைமுறை தாண்டியிருக்கிறது.

வில்லி 1936இல் ஜானி டோரனைக் கேட்டார். டோரன் குதிரை வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்லும் நாடோடி மரபைச் சேர்ந்தவர். பந்தயத் திடல்களிலும் சந்தைகளிலும் வாசிப்பார். அந்த வாசிப்பின் வேகமும் வெறியும் பதினெட்டு வயதை எட்டாத இளைஞனை ஆட்கொண்டுவிட்டன. இரண்டு ஆண்டுகளில் தமக்கென்று ஒரு குழலைத் தேடிப் பெற்றுவிட்டார். டோரனின் முடிவை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சம் பதறுகிறது. 1947இல் டப்ளினில் அயர்லாந்து நாட்டாரியல் ஆணையம் அவர் வாசிப்பைத் தட்டுகளில் பதிவு செய்தது. சில மாதங்களில், 1948 ஜனவரிப் புயலில், அவர் தங்கியிருந்த வண்டியின் மேல் சுவர் இடிந்து விழுந்தது. படுக்கையில் விழுந்தவர் 1950இல் காலமானார். அந்த ஒரே பதிவு அமர்வு நடந்திராவிட்டால் ஜானி டோரனும் வெறும் பெயராகவே எஞ்சியிருப்பார்.

மாலையில், துருத்திக் குழல் வாசிக்கும் உள்ளூர்க் கலைஞர் ஒருவர் தம் வாத்தியத்தை அருகில் வைத்துக் காட்டினார். இதற்கு அயர்லாந்து மொழியில் 'இல்லன்' குழல் என்று பெயர். இல்லன் என்றால் முழங்கை. வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே துருத்தியை வாரால் கட்டிக்கொள்கிறார்கள். அது ஊதும் காற்று இடது கையிடுக்கில் உள்ள தோல்பைக்குப் போகிறது, அங்கிருந்து குழலுக்கு. வாயால் ஊதுவதில்லை. எனவே எச்சில் ஈரம் சீவாளியைத் தொடுவதே இல்லை. உலர்ந்த காற்றில் அது மென்மையாகப் பேசுகிறது. இரண்டு ஸ்தாயி வரை எட்டுகிறது. நாகசுரத்துக்கு ஒத்து நிற்பதைப்போல இதற்கும் மூன்று ஒத்துக் குழல்கள் மடிக்குக் குறுக்கே படுத்திருக்கின்றன. அவற்றோடு 'ரெகுலேட்டர்' என்னும் சாவி வைத்த மூன்று குழல்கள் வேறு. விரல்கள் மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டின் அடிப்பக்கத்தால் அந்தச் சாவிகளைத் தட்டினால் கூட்டுச் சுரங்கள் எழுகின்றன.

அவர் வலது தொடையில் ஒரு தோல் துண்டைக் கட்டிக்கொண்டார். எதற்கென்று கேட்டேன். குழலின் அடிவாயை அந்தத் தோலில் வைத்து அடைத்தால் ஒலி நின்றுவிடும். சுரங்களை ஒட்டாமல் மணிமணியாகப் பிரிப்பதும், மேல் ஸ்தாயிக்கு ஏறுவதும் அந்த அடைப்பினால்தான். இரண்டு முழங்கைகள், இரு கை விரல்கள், ஒரு மணிக்கட்டு, ஒரு தொடை இவையெல்லாம் சேர்ந்து ஒரு மெட்டை எடுக்கின்றன. ஏழு ஆண்டு கற்பதற்கு, ஏழு ஆண்டு பழகுவதற்கு, ஏழு ஆண்டு வாசிப்பதற்கு என்று குழல்காரர்கள் சொல்லும் கணக்கு மிகையாகத் தோன்றவில்லை. துருத்திக் குழல் இசையை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

வில்லி தொழிலால் தச்சர். ஊரில் வேலை கிடைக்காமல் 1950களில் டப்ளினுக்கும் பிறகு லண்டனுக்கும் போனார். 1957இல் தந்தை இறந்ததும் திரும்பியவர், அதன் பிறகு இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அவர் வாசிப்பில், டோரனின் பாய்ச்சலும் காரெட் பாரியின் நிதானமும் ஒரே மெட்டுக்குள் தோள் உரசி நடப்பதைக் கேட்கலாம்.

நான்காம் நாள்: முல்லா

மில்டவுனுக்குத் தெற்கே சில மைல்களில் முல்லா. கைபேசி வரைபடம் என்னை ஒரு புல்வெளியின் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. டிராக்டரில் வந்த விவசாயி வழிகாட்டினார். போனவெல்லா என்ற இந்தப் பகுதியில்தான் ஜூனியர் கிரீஹன் 1908 முதல் 1998 வரை, தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தார். தாயிடம் கான்செர்டினாவும், அயலவரான ஸ்கல்லி கேசியிடம் ஃபிடிலும் கற்றார். ஸ்கல்லியின் மகன் பாபி கேசி, இந்த மாவட்டம் தந்த மிக நுட்பமான ஃபிடில் கலைஞர்களில் ஒருவர். அவரும் பிழைப்புக்காக லண்டன் போய் அங்கேயே வாழ்க்கையைக் கழித்தார்.

ஜூனியர் கிரீஹனை நினைக்கும்போது 1935ஆம் ஆண்டின் பொது நடனக்கூடங்கள் சட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன்பு இசையும் நடனமும் வீடுகளில் இருந்தன. சமையலறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, கற்பாளத் தரையில் நான்கு ஜோடிகள் 'செட்' ஆடுவார்கள். ஒரு ஃபிடிலும் ஒரு கான்செர்டினாவும் போதும். பொது இடத்தில் நடனம் நடத்த நீதிமன்ற உரிமம் வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. சட்டத்தின் எழுத்து எதுவாக இருந்தாலும், பாதிரியார்களும் காவலர்களும் வீட்டு நடனங்களையும் அதைக்கொண்டே அடக்கினார்கள். பல ஊர்களில் உரிமம் பெற்ற கூடம் திருச்சபையின் கூடமாகவே இருந்தது. ஒரு பண்பாட்டை அதன் வீட்டிலிருந்தே வெளியேற்றிய செயல் இது என்று நான் கருதுகிறேன். இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். இசைக்கக் கைகள் இருந்தும் இடமில்லாமல் பலர் வாத்தியத்தை மாட்டிவைத்தார்கள். கிரீஹன் அந்த இழப்புக்காகவே, கிராமத்து வீட்டு நடனத்துக்கு ஓர் இரங்கல் இசையை அமைத்தார். ஆனால் அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவர் இயற்றிய ஜிக் ஒன்று, மூடுபனி போர்த்திய மலையைப் பெயராகக் கொண்டது, இன்று செஷனுக்குச் செஷன் ஒலிக்கிறது. பலரும் அதை நூற்றாண்டுகள் பழைமையானது என்றே நினைக்கிறார்கள்.

பகல் முழுவதும் மழை. போனவெல்லாவிலிருந்து பார்த்தால் எந்த மலையும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள்: டூலின், கில்ஃபெனோரா

டூலினில் ரசல் சகோதரர்கள் மூவர். மிக்கோ விசில் வாசித்தார். பேக்கி கல்வேலை செய்துகொண்டு கான்செர்டினா வாசித்தார். கஸ்ஸி புல்லாங்குழல் கலைஞர். 1970களில் உலகெங்கிலுமிருந்து முதுகுப் பையோடு இளைஞர்கள் இந்த மீனவ ஊருக்கு வந்ததற்கு இவர்களே காரணம். 1915இல் பிறந்த மிக்கோவின் கையில் இருந்தது ஆறு துளை கொண்ட தகர விசில், கடைகளில் சில காசுக்குக் கிடைப்பது. மூச்சுக்காக விட்ட இடைவெளியையே அழகாக்கிக்கொண்டு, வெகு சில சுரங்களில் மெட்டின் எலும்பை மட்டும் காட்டிவிடுவார். ஒவ்வொரு மெட்டுக்கு முன்பும் அதன் கதையைச் சொல்வார். 1994இல் கார் விபத்தில் இறந்தார். இன்றைய டூலினில் விடுதிகளும் பேருந்துகளும் பெருத்துவிட்டன. ஆனாலும் கடலுக்கு எதிரே நின்றபோது அந்த விசிலின் சிக்கனம் எனக்குப் புரிந்தது.

மதியம் கில்ஃபெனோரா சென்றேன். பாதி இடிந்த பழைய தேவாலயமும் கற்சிலுவைகளும் உள்ள இந்தச் சிற்றூரின் 'கேய்லி' என்னும் நடன இசைக்குழு, 1909இல் தன் கணக்கைத் தொடங்குகிறது. கூடங்கள் வந்தபிறகு ஒரு ஃபிடிலின் ஒலி போதவில்லை. ஃபிடில்கள், புல்லாங்குழல்கள், அக்கார்டியன் எல்லாம் ஒரே மெட்டை ஒருசேர வாசிக்க, பியானோவும் டிரம்மும் தாளம் தாங்க, கேய்லி குழுக்கள் வளர்ந்தன. ஆகவே 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை அழித்ததோடு, அது நினைத்துப் பார்க்காத இன்னொன்று வளரவும் வழிவிட்டது. கில்ஃபெனோரா குழு 1954, 1955, 1956 ஆகிய மூன்று ஆண்டுகளும் அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. பியானோவில் அமர்ந்து பல பத்தாண்டுகள் குழுவை நடத்தியவர் கிட்டி லினேன். அடுத்த ஆண்டு, 1957இல், பட்டம் கிழக்குக் கிளேரின் டல்லா குழுவுக்குப் போனது. அந்தப் போட்டிக் காலத்தில் எந்தக் குழு பெரிது என்பதில் வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்திருந்ததாக இன்றும் சொல்கிறார்கள். நான் கேட்ட கடைக்காரர், மேற்கில் பிறந்தவர், தம் பதிலில் சிறிதும் தயங்கவில்லை.

ஆறாம் நாள்: ஃபீக்கிள்

கிழக்கு வேறு உலகம். கடல் மறைந்து, தாழ்வான மலைகளும் சதுப்பு நிலமும் ஏரிகளும் வருகின்றன, இசையும் மாறுகிறது. மேற்கின் துள்ளல் இங்கே அடங்கி, வேகம் குறைந்து, ஒரு ஏக்கம் படிகிறது. இதை இந்த ஊர்க்காரர்கள் 'தனிமையின் தொடுகை' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அந்தத் தொடுகை இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். விரல் வேகத்தைப் பற்றிப் பிறகுதான் பேச்சு.

அது நிறைந்திருந்தவர் பேடி கேனி. 1919இல் பிறந்து 2008இல் மறைந்த விவசாயி. தந்தையிடமே ஃபிடில் கற்றவர். பி. ஜோ ஹேய்ஸ், 1946இல் தொடங்கிய டல்லா கேய்லி குழுவை 2001இல் இறக்கும்வரை தாங்கியவர். இருவரும் பீடர் ஓ லோக்லினுடனும் பியானோக் கலைஞர் பிரைடி லாஃபர்ட்டியுடனும் சேர்ந்து 1959இல் வெளியிட்ட இசைத்தட்டு என்னிடம் பிரதியாக இருக்கிறது. இரு ஃபிடில்கள் ஒன்றாகச் செல்லும்போது எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே மற்றவர் தொடங்குகிறார் என்பது புலப்படாது.

பி. ஜோவின் மகன் மார்ட்டின் ஹேய்ஸ், 1962இல் மஹெராவில் பிறந்தவர், இந்த மெதுவான கிழக்கு மொழியைச் சிகாகோவுக்குக் கொண்டுபோய், கிட்டார் கலைஞர் டெனிஸ் கேஹிலோடு சேர்ந்து உலக அரங்குகளில் பேசவைத்தார். பெரிய அரங்கில் ஒரு மெட்டை முணுமுணுப்பைப்போலத் தொடங்கி, கால் மணி நேரத்துக்கு மேல் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் மேடையில் அவர் தொடர்ந்து சொல்லும் பெயர்கள் அப்பாவும் பேடி கேனியும் இன்னும் சில அண்டை வீட்டுக்காரர்களும்தான். மாவட்டத்தின் நடுப்பகுதியில் ரூவனிலிருந்து வந்த அக்கார்டியன் கலைஞர் ஷரன் ஷானன், கஹிரியாவிலிருந்து வந்த கான்செர்டினா மேதை நோயல் ஹில் ஆகியோரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இரவு ஃபீக்கிளில் ஒரு செஷன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஃபிடிலோடு பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முறை வந்தபோது ஒரு ரீலை மிக வேகமாக வாசித்து முடித்தாள், கைதட்டினோம். பக்கத்திலிருந்த முதியவர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவள் நிமிர்ந்து, இது பேடி கேனியின் வீட்டு மெட்டாம், தாத்தாவின் சிறுவயதில் அந்தச் சமையலறையில் கேட்டதாம் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, வில்லை மறுபடி எடுத்து, அதே ரீலைப் பாதி வேகத்தில் தொடங்கினாள்.